அப்ப அடுப்பின் புகைக்குழாய்க்குப் பெயின்ட் கலந்த கதை

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கிற லேனுக்குள் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு யார் நுழைந்தாலும், காலுக்கு முன்னால் மூக்கு பக்கத்து வீட்டு அக்காவின் வாசலுக்குப் போய்விடும். அப்பம் சுடுகிறார். 2022இல் காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது, அவர் ஒரு பழைய பரலைப் பாதியாக வெட்டுவித்து விறகடுப்பாக்கிக்கொண்டார். காஸ் திரும்பி வந்தும் அந்த அடுப்பை விடவில்லை. சிரட்டைத் தணலில் வருகிற கரை காஸில் வராதாம். எனக்கு அதில் எதிர்வாதம் இல்லை, சாப்பிடுகிறவன் நான்.

பிரச்சினை அடுப்பில் அல்ல, அதன் புகைக்குழாயில். நாலு அங்குல இரும்புக் குழாய், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீற்றர் வரும் மூன்று துண்டுகள், அடுப்பை விட்டு வெளியேறுகிற இடத்தில் ஒரு முடக்கு (வளைவு), கடைசித் துண்டு கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே. துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று நாள் முழுக்க அதன்மேல். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அக்கா ஒரு சின்னப் பேணி சில்வர் பெயின்ட் வாங்கிப் பூசுவார். பூசிய அன்று கோயில் கலசம் மாதிரி இருக்கும். அடுத்த நாள் புகை நாற்றம், ஒரு கிழமையில் கறுத்துப் பொருக்கு, பிறகு துரு. இந்த வருஷம் பொருக்கு ஒன்று மாவுக் கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

“தம்பி, உனக்கு உந்த மிசினுகளோட மினைக்கெடுறதுதானே வேலை. இதுக்கு ஒரு வழி பார்.”

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் லேனில் மின்விசிறி, கிரைண்டர் எல்லாம் என்னிடம்தான் வரும். சரி என்று ஏற்றுக்கொண்டேன். இரண்டு சனி ஞாயிறில் முடியும் என்று நினைத்தேன். ஆறு கிழமை போனது.

முதலில் பழைய பெயின்ட் ஏன் உரிகிறது என்று பார்த்தேன். எந்தப் பெயின்டிலும் நிறத்தூள் ஒன்று, அதைப் பிடித்துவைக்கிற பசை ஒன்று, இரண்டையும் இளக்கிவைக்கிற திரவம் ஒன்று இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண எனாமலில் பசை என்பது எண்ணெயிலிருந்து செய்த அல்கைட். 120, 150 பாகை செல்சியஸ் தாண்டினால் அது மஞ்சளாகி, நொறுங்கி, பிறகு கரியாகிறது. உள்ளே இருக்கிற அலுமினியத் தூளுக்கு ஒன்றும் ஆவதில்லை, அது 660 பாகையில்தான் உருகும். ஆனால் பிடித்துவைத்திருக்கிற கை எரிந்துபோனால் தூள் என்ன செய்யும், உதிரும். நாற்றம் வந்ததும் அந்தக் கை எரிந்ததால்தான்.

ஏணி வைத்துக் கூரைப்பக்கம் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. மேல் துண்டில் போன வருஷத்துப் பெயின்ட் அப்படியே இருந்தது, வெயிலில் மங்கியிருந்தது, அவ்வளவுதான். உரிந்தது கீழே மட்டும். கீழே நின்றபடியே எல்லாரும் பெயின்டைத் திட்டிக்கொண்டிருந்தோம், மேலே ஏறிப் பார்த்தவர் யாருமில்லை. ஆக, எந்த இடம் எவ்வளவு சுடுகிறது என்பது தெரியாமல் பெயின்டைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை.

இரும்பே அதைச் சொல்லிவிடும். கம்பி பிரஷால் தேய்த்து, சாண்ட் பேப்பரால் ஒரு விரல் அகலத்துக்குக் குழாயின் நீளம் முழுக்க வெள்ளி மாதிரிப் பளபளக்கும் கோடு ஒன்று எடுத்தேன். அக்கா வழக்கம்போல் அடுப்பை மூட்டினார். அரை மணித்தியாலத்தில் அந்தக் கோடு நிறம் மாறத் தொடங்கியது. நடுத்துண்டில் மெல்ல வைக்கோல் நிறம் ஏறியது, பிளேன்ரீயில் தேயிலை குறைந்தது போல. கீழே வரவர அது கபிலமாகி, முடக்கிலிருந்து ஒரு சாண் மேலே மயிற்கழுத்து ஊதாவாகி, முடக்குக்கு நேர் மேலே கடல்நீலம். முடக்கிலேயே நீலமும் போய்ச் சாம்பல். உருக்கைச் சூடாக்கும்போது அதன் மேல் ஒட்சைட்டுப் படலம் தடிக்கத் தடிக்க ஒளி இப்படி நிறம் காட்டும். கத்தி உளி செய்கிற கொல்லர் இதைப் பார்த்துத்தான் பதம் வைப்பார். வைக்கோல் நிறம் 220 பாகை அளவில், ஊதா 280 அளவில், நீலம் 300 அளவில், சாம்பல் என்றால் 330க்கு மேல். நேரம் கூடினால் குறைந்த சூட்டிலேயே அடுத்த நிறத்துக்குப் போய்விடும் என்பதால் இவை சற்றுக் கூடுதலான கணக்கு. சரிபார்க்க, ரேடியோ ஒட்டுகிற ஈயக்கம்பித் துணுக்கு ஒன்றை நடுத்துண்டின் அடியில் வைத்து அழுத்தினேன், வழிந்தது. அது 183 பாகைக்கு மேல் இளகுகிற வகை. நடுத்துண்டின் தலைப்பில் வைத்தது இளகவில்லை. ஈயம் என்பதால் அடுப்பங்கரையில் மாவு எடுப்பதற்கு முன்பே செய்து, துணுக்குகளைப் பொறுக்கிக் கையையும் கழுவினேன். மேல் துண்டில் மெழுகுதிரி உருகியது, தண்ணீர்த் துளி கொதிக்கவில்லை. அதாவது 100க்குக் கீழே.

லேசர்ப் புள்ளி காட்டும் வெப்பமானி ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கியும் பார்த்தேன். பளபளக்கும் கோட்டில் 90 என்றது, அதே உயரத்தில் துருவின்மேல் 240 என்றது. மினுங்கும் உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே கதிராக வெளிவிடும், கருவி ஏமாந்துபோகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனிப் பசைக்கு வருவோம். நெருப்புக்குத் தாக்குப்பிடிக்கிற பசை நமக்கு எட்டுகிற அளவில் இரண்டு. ஒன்று சிலிக்கோன் பிசின், மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கிற ஸ்பிரேயில் இருப்பது. மற்றது சோடியம் சிலிக்கேற்று, நீர்க்கண்ணாடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் யொஹான் ஃபொன் ஃபுக்ஸ் என்ற இரசாயனவியலாளர் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார், மரத்தில் தீப்பிடிக்காமலிருக்கப் பூசுவது அவர் நினைத்த பயன்களில் ஒன்று. இன்றைக்கு அட்டைப்பெட்டி ஒட்டவும் சவர்க்காரத்தில் சேர்க்கவும் வார்ப்புப் பட்டறையில் மணல் அச்சு இறுக்கவும் போகிறது. சிலிக்கோனை வீட்டில் செய்ய முடியாது. நீர்க்கண்ணாடியில் தூள் கலந்து பூசலாம், எரிவதற்கு அதில் ஒன்றுமில்லை, விலையும் மலிவு. விலையை இங்கே எழுதவில்லை, எழுதினால் இந்தப் பதிவு அடுத்த மாதமே பழசாகிவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது அம்மம்மாமார் செய்ததுதான். களிமண்ணும் சாம்பலும் குழைத்து அடுப்பு மெழுகுவார்கள், பானையின் வெளிப்புறத்திலும் தடவுவார்கள். களிமண் அங்கே நிறத்தூளும் பசையும் ஒன்றாகச் சேர்ந்தது. இரும்பில் அது நிற்காது என்பதுதான் வித்தியாசம்.

புறக்கோட்டையில் இரசாயனம் விற்கிற கடையில் நீர்க்கண்ணாடி இரண்டு லீற்றர் எடுத்தேன், தேன் மாதிரி வழுக்கி ஊற்றியது. பழைய சோனகத் தெருவில் செங்காவி, அதாவது சிவப்பு இரும்பொட்சைட்டு. கறுப்பு ஒட்சைட்டும் கொஞ்சம். மைக்காத் தூள், நாக (துத்தநாக) ஒட்சைட்டு, அலுமினியத் தூள். வெண்களி பொரலஸ்கமுவப் பக்கத்துச் சரக்கு என்றார்கள். காரீயத்தூளுக்கு, அதாவது பென்சிலில் இருக்கிற கிராபைட்டுக்கு, அலைய வேண்டியதில்லை, அது நம் நாட்டுச் சரக்கு. கேகாலைப் பக்கம் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ என்று நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து நரம்பு நரம்பாக வெட்டியெடுக்கிற காரீயம், உலகத்தில் அந்த வகையை வணிக அளவில் தருவது ஏறக்குறைய நாம் மட்டும்தான். கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அக்காவின் கதவுப்பிடியில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

முதல் கலவை: நீர்க்கண்ணாடி, கறுப்பு ஒட்சைட்டு, கொஞ்சம் வெண்களி. குழாய்க்குப் போகாமல், துண்டுத் தகடொன்றில் பூசிப் பார்த்தேன். தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தேன், அதுதான் முதல் பிழை. மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். தண்ணீரில் கரைந்த பெயின்ட் அதன்மேல் சேம்பிலைத் தண்ணீர் மாதிரித் துளித்துளியாக ஒதுங்கியது. சரி, தடிப்பாகப் பூசினால் மூடிவிடும் என்று தடிப்பாகவே பூசினேன். ஒரு மணித்தியாலம் காயவிட்டு, பொறுமையில்லாமல் தணல்மேல் வைத்தேன்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தகட்டின் நடுவில் ஒரு கொப்புளம், அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு முழுத்தகடும் மெதுவாகச் சத்தமில்லாமல் பொங்கி எழுந்தது. கிள்ளிப் பார்த்தால் கண்ணாடி நுரை, நகத்தில் நொறுங்கியது. அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“இதென்ன, பெயின்ரோ பப்படமோ?”

அவர் சொன்னது சரியான விளக்கம். பப்படம் பொரிவதும் இதுதான், மேல் இறுகி உள்ளே தண்ணீர் கொதித்தால் அது தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. காற்றில் காய்ந்த நீர்க்கண்ணாடி காய்ந்தது போலத்தான் தெரியும், உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும். நுரைக்காமல் எஞ்சியிருந்த ஓரங்களிலும் இன்னொரு பாடம் இருந்தது. கறுப்பாகப் பூசியது செங்கபிலமாக மாறியிருந்தது. கறுப்பு இரும்பொட்சைட்டு 200 பாகையை நெருங்கும்போதே காற்றிலிருந்து இன்னும் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு சிவப்பு ஒட்சைட்டை நோக்கிப் போகிறது. மஞ்சள் காவியும் அப்படித்தான், அது தண்ணீரை இழந்து சிவக்கும், சூளையில் செங்கல் சிவப்பதன் பங்காளி வேலை. ஆக எல்லாக் காவியும் போய்ச் சேருகிற இடம் சிவப்பு. அங்கிருந்தே தொடங்கினால் பிறகு நிறம் மாற இடமில்லை.

இரண்டாம் கலவையைப் பற்றிச் சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் யாராவது இதைச் செய்யப்போகிறவர் படிப்பார். சில்வர் நிறம் வேண்டும் என்று அக்கா கேட்டதால் நீர்க்கண்ணாடியில் இரண்டு மேசைக்கரண்டி அலுமினியத் தூள் கலந்தேன். அழகாக இருந்தது. மிச்சத்தை ஜாம் போத்தலில் ஊற்றி இறுக்க மூடிச் சமையலறை யன்னல் கட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். இரவு ஒரு மணி போல வெடிச்சத்தம். மூடி எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்திருந்தது, யன்னல் திரையெல்லாம் வெள்ளிச் சிதறல்.

காலையில் அக்காவின் மகன் வந்தான், உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறவன். ஒரு பார்வை பார்த்தான்.

“மாமா, நீர்க்கண்ணாடி காரம். அலுமினியமும் காரமும் சேர்ந்தா ஐதரசன் வரும். போன தவணை வினாத்தாள்ல வந்தது.”

கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு கிராம் அலுமினியம் முழுதும் கரைந்தால் ஒரு லீற்றருக்கும் மேல் ஐதரசன். ஜாம் போத்தலில் போட்டது பத்துப் பன்னிரண்டு கிராமாவது இருக்கும். மூடி பறந்தது நல்ல காலம். போத்தல் வெடித்திருந்தாலோ, பக்கத்தில் நெருப்பு இருந்திருந்தாலோ இந்தப் பதிவை எழுத ஆளிருக்காது. நாகத்தூளும் இதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்யும். உலோகத்தூள் கலந்த நீர்க்கண்ணாடியை ஒருபோதும் மூடி வைக்கவேண்டாம், அன்றைக்கு வேண்டியதை மட்டும் திறந்த பேணியில், வெளியில் வைத்துக் கலந்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். காரம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். நான் அதற்குப் பிறகுதான் போடத் தொடங்கினேன்.

நாகத்தூளைச் சொன்னதால் ஒரு பக்கக்கதை. நீர்க்கண்ணாடியில் நாகத்தூளைத் திணித்துச் செய்கிற பெயின்ட் சும்மா பட்டறை வேலையல்ல. அவுஸ்திரேலியாவில் விக்டர் நைட்டிங்கோல் என்பவர் உருவாக்கி, 1940களில் மோர்கனிலிருந்து வயல்லாவுக்குப் போகிற, 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான தண்ணீர்க் குழாய்க்குப் பூசினார்கள். பூசிவிட்டுச் சூடாக்கித்தான் அதை இறுக்கினார்கள். துருவுக்கு அதைப்போல் ஒன்றில்லை. ஆனால் நாகம் 419 பாகையில் உருகிவிடும், எங்கள் முடக்கு சாம்பல் நிறம் காட்டிய இடம், எல்லை எங்கே என்று எனக்குச் சரியாகத் தெரியாத நிலையில் அதை வைக்க மனம் வரவில்லை. அதோடு ஒரு தரம் வெடிச்சத்தம் கேட்ட காது.

மூன்றாம் கலவைக்கு வர மாசி பிறந்துவிட்டது. அதற்குள் என் யோசனை கொஞ்சம் மாறியிருந்தது. நான் இதுவரை பேணிக்குள் பெயின்டைச் செய்ய முயன்றுகொண்டிருந்தேன். பேணிக்குள் இருப்பது வெறும் சேறு. அது பெயின்டாவது குழாயின்மேல், முதல் நெருப்பில். ஆகவே கலவையில் காட்டிய கவனத்தைவிட அந்த முதல் நெருப்பில்தான் கவனம் வேண்டும்.

கலவை இது, நிறையில். நீர்க்கண்ணாடி 100 கிராம், செங்காவி 45, மைக்கா 20, வெண்களி 10, நாக ஒட்சைட்டு 5, தண்ணீர் 15 முதல் 20. இது முதல் பூச்சு. இரண்டாம் பூச்சில் செங்காவியை 25 ஆக்கி, காரீயம் 25 சேர்த்தேன். காரீயத்தை முதல் பூச்சில் ஏன் போடவில்லை என்றால், ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் காரீயமும் இரும்பும் நேராக ஒட்டினால் அது ஒரு பற்றரி. அதில் அரிக்கப்படுவது இரும்பு. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது. மைக்காவும் காரீயமும் செதில் செதிலாக இருப்பவை, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்ளும். ஒரு மீற்றர் இரும்பு 300 பாகை சூடேறினால் மூன்றரை மில்லிமீற்றர் போல நீளும், மாலையில் நீண்டு இரவில் சுருங்கும். வெறும் கண்ணாடிப் படலம் அதற்கு வெடித்துவிடும். செதில்கள் வழுக்கிக் கொடுக்கின்றன. நாக ஒட்சைட்டு சிலிக்கேற்றோடு மெல்லச் சேர்ந்து படலத்தைத் தண்ணீரில் கரையவிடாமல் செய்கிறது, ஆனால் அதனால்தான் கலவை சில மணித்தியாலத்தில் தயிர் மாதிரி ஆகிறது. தூள்களை முதலில் தண்ணீரில் குழைத்து, கல்லில்லாமல் அரைத்து, கடைசியாக நீர்க்கண்ணாடி. நான் பழைய அம்மியை எடுத்தேன், அது இனி அம்மியாகாது. பிறகு நைலோன் காலுறையில் வடித்தேன்.

குழாயைக் கழற்றி முதலில் நல்ல தண்ணீரில் கழுவினேன், துருவுக்குள் ஒளிந்திருக்கும் உப்புக்காக. பிறகு கம்பி பிரஷ், சாண்ட் பேப்பர், சலவைத்தூள் கரைத்த சுடுதண்ணீர், மறுபடி வெறும் சுடுதண்ணீர். சரியா என்று பார்க்க வழி எளிது, மேலே தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரித்தது போல் முழுதாக நிற்கவேண்டும். முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. எனக்கு மூன்று தரம் கழுவியும் தையல்பக்கம் உருண்டது.

பூசுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்லிசாக, அடியில் இரும்பு லேசாகத் தெரிகிற அளவுக்கு. பிரஷை உடனே கழுவவேண்டும், இறுகினால் எறியத்தான். ஒரு நாள் காயவிட்டு இரண்டாம் பூச்சு, மறுபடி ஒரு நாள். மழை தூறாத கிழமையாகப் பார்த்துக்கொண்டேன்.

நெருப்புக்கு அக்கா அரை நாள் யாவாரத்தை விட்டுக்கொடுத்தார். முதல் ஒன்றரை மணித்தியாலம் பொச்சுமட்டை மட்டும், புகைந்துகொண்டே இருக்கும், எரியாது. குழாயில் தண்ணீர் தெளித்தால் சீறாமல் மெல்ல ஆவியாகவேண்டும், அதுதான் அளவு. சீறினால் மட்டையை இழுத்துவிடுவேன். இந்த நேரத்தில் குழாயிலிருந்து கிளம்பியது ஒரு ஈரச்சுவர் வாசம், வேறொன்றுமில்லை. பிறகு ஐந்தாறு சிரட்டை, இன்னொரு மணித்தியாலம். புனித லூசியாள் கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோது முழு விறகு வைத்தோம். நான் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எந்த நிமிஷம் பப்படம் பொரியுமோ என்று. பொரியவில்லை. முடக்கின் கீழ்மடிப்பில், தடிப்பாக விழுந்திருந்த ஒரு வழிசலில் மட்டும் மூன்று கொப்புளம். ஆறவிட்டு நகத்தால் சுரண்டினேன், பிறகு ஆணியால். ஆணி ஒரு வெள்ளிக்கோடு போட்டது, அதாவது ஆணி தேய்ந்திருந்தது. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தேன், துணியில் மெல்லிய சாம்பல், காரீயத்தின் மேற்படை. மகன் ஒரு கோப்பைத் தண்ணீரைச் சுடு குழாயில் விசிறினான், படீர் என்று ஒரு சத்தம், படலம் அசையவில்லை. நிறம்தான், பழுத்த கத்தரிக்காயும் கரியும் சேர்ந்தது மாதிரி. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “சரி, நிக்கட்டும்” என்றார்.

கீழ்த்துண்டோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். வெற்றி மயக்கத்தில் மேல்துண்டு வரை அதையே பூசிவிட்டேன். இரண்டாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது, உப்பளம் போல. அந்தத் துண்டு 100 பாகையைக் காணாதது, ஆகவே அங்கே நீர்க்கண்ணாடி இறுகவேயில்லை. அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து சோடியம் காபனேற்றாகப் பூக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அது எதிர்பார்க்கவேண்டியதே. அடுத்து வந்த ஒரு மழையில் செங்காவி கரைந்து கூரையில் வழிந்து, அயல்வீட்டார் காயப்போட்டிருந்த வேட்டியில் இறங்கியது. அந்த வேட்டிக்கு நான்தான் பொறுப்பு. புதிது வாங்கிக் கொடுத்தேன்.

ஆக முடிவில் ஒரே குழாயில் மூன்று பெயின்ட். முடக்கும் கீழ்த்துண்டும் என் கலவை, அந்தப் பூச்சின்மேல் ஐதான பொசுபோரிக்கமிலம், துருநீக்கியாக விற்பது, துணியில் நனைத்து ஒரு தரம் துடைத்தேன், மிச்சக் காரத்தை அது அடக்கும். நடுத்துண்டுக்குப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய சைலன்சர் ஸ்பிரே, சிலிக்கோன் பிசினும் அலுமினியமும். 600 பாகை என்று பேணியில் பெரிதாக எழுதியிருக்கும், ஆனால் அதுவும் 200 பாகை அளவில் ஒரு தரம் வெந்தால்தான் இறுகும் என்பது சின்ன எழுத்தில். நடுத்துண்டின் தலைப்புப் பக்கம் அவ்வளவு சூடு காண்பதில்லை. மூன்று துண்டும் ஒரே அளவு என்பது அப்போதுதான் உறைத்தது. நடுத்துண்டைக் கழற்றி அடுப்புக்கு நேர் மேலே கீழ்த்துண்டின் இடத்தில் மாட்டி, ஒரு மணித்தியாலம் மிதமான நெருப்பில் வேகவைத்து, ஆறியதும் தலைகீழாக்கி மறுபடி ஒரு மணித்தியாலம், பிறகு அதன் இடத்துக்கே அனுப்பினேன். வேகும்போது வந்த புகை மூக்கை எரித்தது, வீட்டுக்காரரை வெளியே அனுப்பியிருந்தேன், அன்றைக்கு அப்பமும் இல்லை. மேல்துண்டைச் சுரண்டி, செங்காவி பிரைமரும் அக்காவின் பழைய சில்வர் எனாமலும். அது அங்கே எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

அப்பச் சட்டிக்கோ, அடுப்பின் உட்புறத்துக்கோ, சாப்பாடு தொடுகிற எந்த இடத்துக்கோ இதைப் பூசவில்லை, கேட்டாலும் பூசமாட்டேன். கொத்து ரொட்டிக் கல்லுக்கு அடிக்கலாமா என்று ஒருவர் வந்து கேட்டார். எண்ணெய் தடவிக் காய்ச்சுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது இரண்டு மாதம் தாண்டிவிட்டது. முடக்கில் அந்த மூன்று கொப்புளத்தில் ஒன்று உடைந்து, பத்துச் சத நாணயம் அளவு துரு. சுரண்டி, மெல்லிசாக ஒட்டுப்போட்டு, அன்றைய நெருப்பிலேயே இறுக்கியாயிற்று. மற்ற இடமெல்லாம் அப்படியே. வைகாசி மழை தொடங்கிய பிறகு மேல்துண்டும் நடுத்துண்டும் சேருகிற மூட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும், அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

கலக்கும்போது சிந்திய ஒரு சொட்டு நீர்க்கண்ணாடி அக்காவின் முன்வாசல் ஓட்டில் ஒட்டிக்கொண்டது. கத்தி, சலவைத்தூள், வினாகிரி எல்லாம் போட்டுப் பார்த்தேன், கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டது. அக்கா அதன்மேல் மாவுப் பேணியை வைத்திருக்கிறார். பேணியை நகர்த்துகிற ஒவ்வொரு தரமும் என்னைப் பார்க்கிறார்.